தேசிங்கும் அவன் புரவியும்

ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் விழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையைக் கொங்கு நாட்டார் நன்கறிவர். அங்கே குதிரை வாங்க வருவோர் முதலில் நோக்குவது உயரத்தையும் நிறத்தையும் அன்று, சுழியையே. காங்கேயம் காளைக்குப் பார்ப்பதுபோலவே நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் சுழி பார்த்து, அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று தம்முள் தெளிந்த பின்னரே கயிற்றில் கை வைப்பர். இத்தகைய திருவிழாக் கடைகளில், மணியும் சலங்கையும் தொங்கும் வரிசைக்கு அருகே, பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் பரப்பி விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அல்லியரசாணி மாலையோடும் நல்லதங்காள் கதையோடும் அவ்வரிசையில் தவறாது இடம்பெற்றது தேசிங்குராஜன் கதை. தமிழ் மக்கள் ஒரு வீரனை அவன் வென்ற நாட்டால் அறிவது வழக்கம். தேசிங்கை மட்டும் அவன் ஏறிய குதிரையால் அறிந்தனர். கதையில் அவனது முதற்செயல் குதிரையை வசப்படுத்தியது. இறுதிச் செயலும் குதிரைமீது நிகழ்ந்ததே.

தேஜ் சிங் என்பது அவனுடைய இயற்பெயர். வடசொற் சாயலுடைய அப்பெயர் தமிழர் நாவில் தேசிங்கு என ஆனபோது, இடையிலிருந்த வல்லொலி மெலிந்து, ஈற்றில் ஓர் உகரம் வந்து சேர்ந்து, மென்தொடர்க் குற்றியலுகரச் சொல்லாக நிலைபெற்றது. வேற்று நாட்டவன் ஒருவனைத் தமிழ் தன்னவனாக ஏற்றுக்கொண்டதற்கு இலக்கணமே சான்று கூறுகிறது எனலாம். அவன் புந்தேல்கண்டத்து இராசபுத்திர மரபினன். தந்தை சரூப் சிங், முகலாயர் ஆட்சியில் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவராக இருந்தவர்.

செஞ்சியின் வரலாறு நெடியது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரயான் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய அக்கோட்டை, கோன்களிடமிருந்து விசயநகரத்து நாயக்கர்க்கும், அவர்களிடமிருந்து பீசப்பூர் சுல்தானுக்கும், 1677இல் சிவாசிக்கும் கைமாறியது. சிவாசியின் மகன் இராசாராம் அங்கே தஞ்சம் புகுந்திருந்த காலத்தில், முகலாயத் தளபதி சுல்பிகர்கான் ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் அதனைக் கைப்பற்றினான். அவனது பட்டப்பெயரை ஒட்டியே செஞ்சிக்கு நுசரத்கட் என்னும் பெயரும் இடப்பட்டது. அதன்பின், 1700ஆம் ஆண்டை ஒட்டி, ஒளரங்கசீப்பின் ஆணையால் சரூப் சிங் கோட்டைத் தலைமை பெற்றார். கோட்டைக்குள் கல்யாண மகாலை அடுத்து, வளைவுகளோடு வரிசையாய் நிற்கும் கட்டடங்களைக் குதிரை லாயம் என்று இன்றும் காட்டுவர். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் தமிழகத்தைச் சார்ந்தது செஞ்சி ஒன்றே.

இனிக் கதைப்பாடல் கூறுவதைக் காண்போம். டில்லிப் பாதுசாவிடம் பாராசாரி என்னும் குதிரை வந்து சேர்கிறது. அதன்மேல் ஏறியவர் எவரும் நிலைக்கவில்லை. அரசர்கள் பலர் முயன்று தோற்றுச் சிறைப்படுகின்றனர்; தேசிங்கின் தந்தையும் அவர்களுள் ஒருவர். தந்தையின் முகம் காணாமல் வளர்ந்த மகன், ஐந்து வயதுச் சிறுவனாய் இருக்கும்போதே செய்தியறிந்து டில்லிக்குச் செல்கிறான். குலதெய்வமாகிய அரங்கநாதரை வணங்கிப் பாராசாரியின் மேல் ஏறுகிறான். குதிரை அவனைச் சுமந்துகொண்டு காடும் மலையும் பாய்கிறது, அவன் வீழ்ந்தானல்லன். மீண்டு வரும்போது குதிரை அவன் வசமாகியிருக்கிறது. தந்தை விடுதலை பெறுகிறார். செஞ்சியும் குதிரையும் பரிசாகக் கிடைக்கின்றன.

இதனை வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவார்க்கு இடர்ப்பாடுகள் பல தோன்றும். 1714இல் தேசிங்கின் வயது இருபத்திரண்டு என்பர். அவ்வாறாயின் அவன் ஐந்து வயதுச் சிறுவனாய் இருந்தது 1697ஐ ஒட்டியாதல் வேண்டும். ஒளரங்கசீப்போ 1681 முதல் தக்காணத்திலேயே பாசறை அமைத்துத் தங்கி, டில்லிக்குத் திரும்பாமலே 1707இல் அகமத்நகரில் இறந்தவர். ஆகவே சிறுவன் குதிரையேறியதைக் காண டில்லியில் பாதுசா இருந்திலர். சரூப் சிங் செஞ்சியைப் பெற்றதும் போர்ப்பணிக்காகவே அன்றி மகன் அடக்கிய குதிரைக்காக அன்று. தேசிங்கு இளமையில் புந்தேல்கண்டத்தில் இருந்தான் என்றும், தந்தை மறைந்த பின்னரே செஞ்சிக்கு வந்து சேர்ந்தான் என்றும் ஆய்வாளர் கொள்வர். சி. எசு. சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் இச்செய்திகளை விரிவாக ஆராய்ந்துள்ளது.

எனினும் கதைப்பாடல் பொய் என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது. ஆண்டும் இடமும் பிழைத்தாலும், குதிரையை மையத்தில் வைத்ததில் அது பிழைக்கவில்லை. குதிரை தமிழ் மண்ணில் தானாகப் பிறந்து பெருகிய விலங்கன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்திறங்கிய பொருள்களுள் முதலிடத்தில் குதிரையை வைக்கிறது பட்டினப்பாலை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பணியில் செலவிட்ட அமைச்சரின் கதையும், நரி பரியான திருவிளையாடலும் மதுரை அறிந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு எழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சவில்லை எனக் குறிக்கிறார். பேணத் தெரிந்தவரும் இலாடம் அடிக்கத் தெரிந்தவரும் இல்லாமையே அவர் கூறும் காரணம். வெப்பமும் ஈரமும் கலந்த கடற்கரைக் காற்றும், பழகாத புல்லும் வேற்றுநாட்டுப் புரவிக்கு ஒவ்வாதிருந்தன என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம். நம் மானாவாரிக் காட்டில் விளையும் கொள்ளு, குதிரைத் தீனியாகப் பெயர் பெற்றதும் இந்நிலத்தில் அதனைப் பிழைக்கவைக்க மேற்கொண்ட முயற்சியின் ஒரு பகுதியே. இவ்வாறு அரிதாகக் கிடைத்து, எளிதில் அழிந்த விலங்கோடு ஒருவன் உயிரொன்றி வாழ்ந்தான் என்பது கேட்போர்க்கு வியப்பூட்டியிருத்தல் இயல்பே.

முகலாயப் படை அமைப்பிலும் குதிரைக்குத் தனி மதிப்பு உண்டு. அலுவலர் தகுதியே அவர் எத்தனை குதிரைவீரரைத் திரட்டித் தர வேண்டும் என்னும் எண்ணிக்கையோடு பிணைந்திருந்தது. கணக்கில் ஏமாற்று நேராதிருக்கக் குதிரைக்குச் சூடிட்டு அடையாளம் வைத்தனர். தன் குதிரையில் வந்து பணிபுரிந்தவன் சிலேதார்; அரசோ தலைவனோ கொடுத்த குதிரையில் ஏறியவன் பார்கீர். சிலேதாரின் குதிரை மாண்டால் அவன் பிழைப்பும் மாண்டது. எனவே போர்வீரன் ஒருவன் தன் குதிரையைப் பிள்ளையெனப் பேணியது அன்பினால் மட்டும் அன்று. வயிற்றுப்பாடும் அதில் இருந்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முற்படுவோர், உழவனுக்கும் காளைக்கும் இடையே உள்ள உறவையும் அறியார்.

குதிரையைப் பழக்கும் கலை வன்மையால் முடிவதன்று. கொம்பு இல்லாத குதிரைக்கு இயற்கை கொடுத்த காவல் அச்சமும் ஓட்டமுமே. பக்கவாட்டில் அமைந்த கண்களால் பின்புறம்வரை காணும் அது, முதுகின்மேல் ஏறும் எதனையும் தன்னைக் கொல்ல வந்த விலங்காகவே முதலில் கொள்ளும். முன்னங்கால் தூக்கி எழுவதும் முதுகை வளைத்து எறிவதும் அவ்வச்சத்தின் வெளிப்பாடே. பழக்குவோன் முதலில் தன் மணத்தை அதற்கு அறிவிக்க வேண்டும். பிடரியில் கைவைக்க வேண்டும். பின்னரே சேணமும் கடிவாளமும். ஏறியபின்னும் வாரை இழுத்துப் பிடித்தால் அது மேலும் அஞ்சும். ஓட விட்டு, அதன் ஓட்டத்தோடு தானும் ஓடி, அது களைக்கும் நேரத்தில் தொடையின் அழுத்தத்தாலும் வாரின் சிறு அசைவாலும் திசையைத் தன்வசம் ஆக்குவதே நெறி. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. குதிரையின் நடை ஐந்து என்று தமிழ் நிகண்டுகளும் வகுத்துள்ளன. நூலறிவு வேண்டுவதே; ஆயினும் கையும் தொடையும் அறிய வேண்டியதை ஏடு கற்பிக்காது.

கதைப்பாடல் இந்நெறியை அறிந்தே பாடியிருக்கிறது. சிறுவன் பாராசாரியை அடித்து அடக்கினான் என்று அது கூறவில்லை. அதனை ஓட விட்டான், வீழாமல் இருந்தான், அவ்வளவே. கிரேக்க நாட்டு அலெக்சாந்தரைப் பற்றியும் இத்தகைய செய்தி உண்டு. எவருக்கும் அடங்காத பூசிபலசு என்னும் குதிரை தன் நிழலைக் கண்டே அஞ்சுகிறது என்பதை உணர்ந்து, அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பிவிட்டு ஏறினான் அவ்விளவரசன் என்று புளூட்டார்க்கு எழுதுகிறார். அக்குதிரை இந்திய மண்ணில், சீலம் ஆற்றங்கரைப் போரை ஒட்டி இறந்தது. அலெக்சாந்தரின் கதை தமிழ்ப் பாடகருக்கு எட்டியதா என்பதைவிட, இரு நாட்டாரும் ஒருவனது ஆளுமையை அளக்கக் குதிரையையே அளவுகோலாகக் கொண்டனர் என்பதே கருதத்தக்கது.

இனித் தேசிங்கின் ஆட்சிக்கு வருவோம். அது பத்து மாதங்களே நீடித்தது. தந்தை மறைந்ததும் செஞ்சியின் தலைமையைத் தன் உரிமையென ஏற்றான் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் அதனை ஒப்பவில்லை. ஒளரங்கசீப் தந்தைக்கு அளித்த ஆணை தனக்கும் செல்லும் என்பது தேசிங்கின் வாதம். புதிய பாதுசா பரூக்சியரிடம் மறு ஆணை பெறாதவரை அது செல்லாது என்பது நவாபின் வாதம். இதனோடு கப்பப் பாக்கியும் சேர்ந்தது. சரூப் சிங் காலத்திலிருந்து நிலுவையான தொகை எழுபது இலட்சம் ரூபாய் எனக் கணக்குக் காட்டப்பட்டது என்பர். இத்தொகை முழுதும் உண்மைக் கணக்கா, செஞ்சியைப் பறிப்பதற்குக் கண்ட வாயிலா என்பது விவாதத்துக்குரியதே. நவாபின் பக்கத்தில் சட்டம் இருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. டில்லியின் பிடி தளர்ந்து, ஒவ்வொரு மாகாணத் தலைவரும் தத்தம் எல்லையை வலுப்படுத்த முனைந்த காலம் அது. சமரசத்துக்கு வழி இருந்தது. தவணை கேட்டிருக்கலாம், ஒரு பகுதியைச் செலுத்தியிருக்கலாம். தேசிங்கு இரண்டையும் செய்யவில்லை; தூதையும் மதிக்கவில்லை.

இங்கேதான் அவன் வாழ்வின் முரண் நெஞ்சை உறுத்துகிறது. அஞ்சிய விலங்கினிடம் வாரைத் தளர்த்த அறிந்தவன் எனப் பாடப்பட்டவன், மனிதரிடம் அதனை அறிந்திலன். இருபத்திரண்டு வயது என்பதைக் காரணமாகச் சொல்லலாம். மன்னிப்பதற்கு அது போதுமா என்பது வேறு. அவன் முடிவை நம்பிச் சில நூறு குதிரைவீரர் உயிரைப் பணயம் வைத்தனர். எதிரே நின்றது பன்மடங்கு பெரிய படை. கூத்தில் தேசிங்கு வேடம் பூண்டவன் அரங்கில் ஏறும்போது எழும் ஆரவாரத்தில் இந்தச் சில நூறு பேர் நினைவுக்கு வருவதில்லை.

போருக்குப் புறப்படுமுன் அவன் சிங்கவரத்து அரங்கநாதரிடம் விடை கேட்டான் என்பது மரபு. பாறையைக் குடைந்த குகையில் பள்ளிகொண்ட அப்பெருமான், அவனைப் போகவிட மனமின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், திருமேனியின் தலை ஒருபுறம் சாய்ந்திருப்பது அதனாலேயே என்றும் அவ்வூரார் கூறுவர். பல்லவர் காலத்துச் சிற்பி தான் செதுக்கிய சாய்வுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இப்படியொரு காரணம் கற்பிக்கப்படும் என எண்ணியிருக்கமாட்டான். அரசி திரைக்குப் பின்னே நின்று விடைகொடுத்தாள் என்பது கதைப்பாடல் மரபு.

தேசிங்கின் உயிர்த்தோழன் மாபத்கான். மகமத்கான் என்றும் வேறு வகையாகவும் அவன் பெயர் வழங்கும். அவன் இசுலாமியன், எதிரே வந்த நவாபும் இசுலாமியர். மாபத்கானுக்கு அது பொருட்டாகவில்லை. திருமணப் பந்தலில் இருந்தவன் ஓலை கண்டதும் எழுந்து, தன் குதிரை நீலவேணியின்மேல் ஏறித் தோழனிடம் வந்தான் என்று கதை பாடும். இப்போரை இந்துவுக்கும் முசுலீமுக்கும் நடந்ததாகக் காட்ட விழைவோர் உளர். அவர்கள் மாபத்கானை என்ன செய்வது என்று அறியாமல் விட்டுவிடுகின்றனர். நாட்டுப்புறப் பாடகர் அவனை விடவில்லை. நீலவேணியின் பெயரைச் சொல்லாமல் பாராசாரியின் பெயரைச் சொல்வதில்லை.

1714 அக்டோபர் 3ஆம் நாள் போர் நடந்தது. இடையே சங்கராபரணி ஆறு. வராக நதி என்பதும் அதுவே. ஆற்றில் வெள்ளம் பெருகியிருந்தது. வெள்ளம் வடியட்டும் என உடனிருந்தோர் தயங்க, தேசிங்கு குதிரையை நீரில் இறக்கினான். சிலரே அவனைத் தொடர்ந்தனர். அணிவகுப்பில் நடை பயில்வது வேறு, மலைப்படியில் ஏறுவது வேறு, வெள்ளத்தில் நீந்துவது வேறு. நீரில் குதிரையின் கால் தரையை விடும் கணத்தில் வீரன் வாரை விட்டுப் பிடரியைப் பற்றிக்கொள்ள வேண்டும். தலையை இழுத்தால் இருவரும் மூழ்குவர். அக்கரை சேர்ந்த பின்னரும் ஈரச் சேணத்தோடு உடனே போர்க்களம் புகவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் செய்யும் ஒரே குதிரை என்னும் புகழைப் பாராசாரிக்குத் தந்தது இந்த ஒரு நாள்.

களத்தில் யானையே குதிரையின் பெரும் பகை. பழகாத குதிரை யானையின் வாடையிலேயே பின்வாங்கும். கதைப்பாடலில் பாராசாரி பின்வாங்கவில்லை. முன்னங்கால்களை யானையின்மேல் ஊன்றி எழுகிறது. மேலிருந்த பகைவனை நோக்கித் தேசிங்கு வாளை ஓங்குகிறான். அப்போது குதிரையின் கால்கள் வெட்டப்படுகின்றன. குதிரை வீழ்ந்தது, தோழனும் முன்னரே வீழ்ந்திருந்தான். பகைவர் கையால் இறக்க விரும்பாத தேசிங்கு தன் வாளை மேலே எறிந்து, அது தன் மார்பில் வந்து பாயுமாறு மல்லாந்து கிடந்தான் என்று பாடி முடிப்பர். அவன் களத்தில் மாண்டான் என்பதற்கு மேல் வரலாற்றில் உறுதியாகக் கொள்ளத்தக்கது மிகுதி இல்லை. கொங்கு மக்களுக்கு இம்முடிவு புதிதன்று. அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் பகைவரால் அன்றித் தம் வாளிலேயே வீழ்ந்து முடிவதை உடுக்கையடிக் கதையில் இரவெல்லாம் கேட்டவர்கள் அவர்கள். மேற்கே பாடியதையும் வடக்கே பாடியதையும் ஒப்பிட்டு ஆராய விரும்பும் இளைஞர்க்கு இங்கே நல்ல களம் உண்டு.

தேசிங்கின் உடல் செஞ்சிக்குக் கொண்டுவரப்பட்டு உரிய மரியாதையோடு செட்டிகுளத்தின் கரையில் எரியூட்டப்பட்டது. இளம் மனைவியும் உடன் எரி புகுந்தாள். அவளுடைய துணிவை வியந்து சாதத்துல்லாகான் ஆர்க்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் ஓர் ஊரை எழுப்பி இராணிப்பேட்டை எனப் பெயரிட்டான் என்பர். இச்செய்தி பெருமையாகவே எழுதப்பட்டு வருகிறது. சற்று நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். பாராசாரிக்குப் பெயர் உண்டு. நீலவேணிக்குப் பெயர் உண்டு. தோழனுக்குப் பல பெயர்கள் உண்டு. அப்பெண்ணை ஊர் அறிவதோ இராணி என்னும் பதவிப் பெயரால் மட்டுமே. எரியில் இறங்கியவளின் மனத்தை அறியப் பாடகனும் முயலவில்லை, எழுத்தனும் முயலவில்லை. ஒரு நகரமே அவள் நினைவைச் சுமக்கிறது. அந்நினைவில் அவள் பெயர் இல்லை. தேசிங்கைப் பாட முன்வரும் கவிஞர் இவ்வெற்றிடத்தைத் தாண்டிச் செல்லாமலிருப்பது நன்று.

செஞ்சியை வென்ற ஆர்க்காட்டின் நவாபுகளும் நூறாண்டு கழியுமுன் ஆட்சியுரிமையை ஆங்கிலேயரிடம் இழந்தனர். தேசிங்கோ தெருக்கூத்தில் நின்றான். கதைப் புத்தகமாய்ச் சந்தைதோறும் சென்றான். 1960இல் வெளிவந்த ராசா தேசிங்கு திரைப்படத்தில் எம்.ஜி.ஆர். அவனாக நடித்தபோது, செஞ்சியைக் கண்டிராத ஊர்களும் அவனைக் கண்டன. நொய்யற்கரையிலும் தாராபுரம் சாலையிலும் பாவு ஓட்டியவரும் பனியன் தைத்தவரும் குதிரை ஒன்றை வளர்த்தவர் அல்லர்; எனினும் தேசிங்கு குதிரை என்றால் அவர்க்குப் பொருள் விளங்கும்.

செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டி என்னும் சிற்றூரில் மாபத்கானின் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே குதிரையின் சமாதி என்று மற்றொன்றையும் ஊரார் காட்டுகின்றனர். அது எந்தக் குதிரை என்று கேட்டால் ஒருவர் பாராசாரி என்பார். மற்றவர் நீலவேணி என்பார்.